சொந்த மைதானத்தில் 0-2 கால்பந்துத் தோல்வி: தவறு அமைப்பிலா, ஆட்ட முறையிலா?

கேள்வி: பந்து பெரும்பாலான நேரம் நம்மவர்களிடமே இருந்தும், இரண்டு கோல்களும் நம் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் விழுந்த நீண்ட பந்துகளிலிருந்தே வந்தன. 4-3-3 அமைப்பை (நடுவில் இருவரும் பக்கவாட்டில் இருவருமாக நான்கு தற்காப்பாளர்கள், மூன்று நடுக்கள வீரர்கள், மூன்று முன்கள வீரர்கள்) கைவிட்டு, மூன்று நடுத் தற்காப்பாளர்களுடன் ஆடுவது நல்லதல்லவா?

பதில் 1: அமைப்பின் மீது பழி போடுவதை நான் ஏற்கவில்லை. 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற, அர்ரிகோ சாக்கி பயிற்றுவித்த இத்தாலியக் கிளப்பான ஏசி மிலான் அணியும் தற்காப்பு வரிசையை மிக முன்னால்தான் நிறுத்தியது. ஆனால், முன்கள வீரருக்கும் கடைசித் தற்காப்பாளருக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 25 மீட்டருக்குள் இருக்கும்படி அந்த அணி முழுவதும் சேர்ந்தே நகர்ந்தது. நாமோ, எதிரணியின் நடுக்கள வீரர் நிமிர்ந்து பார்த்து உதைக்கும்வரை அவரை நெருங்காமல், வரிசையை மட்டும் மேலேற்றி வைத்திருந்தோம்.

பதில் 2: இதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். இரண்டாவது கோலின்போது நம் பக்கவாட்டுத் தற்காப்பாளர்கள் இருவருமே முன்னேறியிருந்தார்கள். தன் பாதியில் நிற்கும் வீரருக்கு ஆஃப்சைடு விதி (எதிரணியின் கடைசித் தற்காப்பாளரைத் தாண்டி நின்று பந்தைப் பெறுவதைத் தடுக்கும் விதி) பொருந்தாது என்பதால், மையக்கோட்டுக்கு அப்பால் தன் பாதியிலேயே காத்திருந்த எதிரணியின் வேகமான வீரருக்கு நாமே பாதை திறந்துவிட்டோம். (கோல்காப்பாளரும் தயங்கினார், அது வேறு கதை.)

கேள்வி கேட்டவர்: அப்படியானால், ஒரு பக்கவாட்டு வீரரைப் பின்னால் நிறுத்தினாலே, பந்து நம்மிடம் இருக்கும்போது மூவர் வரிசை தானாக அமைந்துவிடுமே!