பாவைக்கூத்து – குடும்பக் குழு

*அண்ணன்:* வெள்ளிக்கிழமை காலைல 10.30, தக்கலை ஸ்கூல்ல நம்ம தோல்பாவை நிழல் கூத்து. மூணாங்கிளாஸ்ல இருந்து அஞ்சு வரை, 120 பிள்ளைங்க. 45 நிமிஷம்.

*பெரியப்பா:* ஹாலா, மரத்தடியா?

*அண்ணன்:* ஹால்தான்ப்பா. ஜன்னல் மூணு. அங்க இருக்க டியூப்லைட்டே போதும்ங்கிறாங்க.

*பெரியப்பா:* அது வேண்டவே வேண்டாம். நாலடி நீளத்துக்கு வெளிச்சம் பரவுனா, பாவை திரைத் துணிய விட்டு ஒரு விரக்கடை விலகினாலே ஓரம் கலங்கிடும். கிரீடம், நகை எல்லாம் உளி வச்சுக் குத்துன ஓட்டை வழியா வர்ற வெளிச்சந்தானே, அது அத்தனையும் அடைஞ்சு போவும். ஒத்த பல்புதான். திரைய விட்டு ஒண்ணரை அடி தள்ளி, நம்ம தலைக்கு முன்னால தொங்கணும். பின்னால கட்டுனா நம்ம நிழல் விழும்.

*நான்:* 100 வாட் குண்டு பல்பு எந்தக் கடைலயும் இல்ல பெரியப்பா. 9 வாட் எல்இடி கைல இருக்கு.

*பெரியப்பா:* 9 பத்தாது மக்கா, 14 வாங்கு. மஞ்சள் வெளிச்சம் கேட்டு வாங்கு, வெள்ளைல சிவப்புச் சாயம் செத்துப்போவும். இன்னொண்ணு, எல்இடி வெளிச்சம் முன்னாலதான் அடிக்கும். நேரா தொங்கவிட்டா பாதி தரைக்குப் போவும். ஹோல்டரத் திரைப் பக்கம் சாய்ச்சுக் கட்டு. சூடு கம்மிங்கிறது நல்லது, தோல் சுருளாது.

*மைனி:* ஜமுக்காளம் மூணு எடுத்து வச்சிருக்கேன் மாமா. பிள்ளைங்க பக்கத்து ஜன்னல மொதல்ல அடைக்கச் சொல்லுங்க. முன்னால வெளிச்சம் விழுந்தா துணி வெளிறி கலரே தெரியாது.

*அண்ணன்:* திரைக்கு நாலு முழ வேட்டியா, எட்டு முழமா?

*பெரியப்பா:* நாலு போதும். அடி ஓரம் தரைல இருந்து மூணடி உசரத்துல நிக்கட்டும், கீழ கறுப்புத் துணி. பிள்ளைங்க தரைல உக்காருதாங்க, தாழ்த்திக் கட்டுனா பின்வரிசைக்குத் தலைதான் தெரியும். மேல் ஓரத்த அவங்க பக்கமா கொஞ்சம் சாய்ச்சு இழுத்துக் கட்டு, பாவை தானாப் படியும்.

*மைனி:* கோமாளிப் பாவை உளுவத்தலையன் வலது கை நூல் அறுந்து கிடக்கு. நைலான் நூல் போடவா?

*பெரியப்பா:* நைலான் வழுக்கி அவுந்துடும். பருத்தி நூல்ல மெழுகு தடவிக் கோரு. முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவுல சின்னதா ஒரு தோல் வட்டம் வை, இல்லன்னா ஓட்டை கிழிஞ்சுக்கிட்டே வரும். கையத் தூக்கி விட்டா தானா விழணும். அந்தரத்துல நின்னா முடிச்சு இறுக்கம்னு அர்த்தம்.

*நான்:* மழைக்கு மத்த பாவையும் தொய்ஞ்சிருக்கு.

*பெரியப்பா:* நிழல்ல பாய்ல பரத்திப் போடு. வெயில்ல வச்சா வளையும். பிளாஸ்டிக் கவர்ல கட்டாதீங்க, பூஞ்சை புடிக்கும்.

*அண்ணன்:* கதை?

*பெரியப்பா:* பத்து ராத்திரி ராமாயணத்துல அசோகவனத்துல இருந்து இலங்கை எரியுற வரைக்கும். மொதல் எட்டு நிமிஷம் கோமாளிங்க ரெண்டு பேரும், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும், பேசட்டும், அதுக்குள்ள பிள்ளைங்க சத்தம் அடங்கிடும். அனுமார் பாஞ்சு வரையில பாவைய பல்புப் பக்கம் கொண்டுபோயி சட்டுன்னு துணில ஒட்டு. நிழல் பெருசா இருந்து ஒரே மூச்சுல கலரோட சுருங்கும். பிள்ளைங்களுக்குக் காட்ட வேண்டியதே அதான், அவசரப்படாம மூணு தடவை செய்யி.

*மைனி:* மைக்கு? ரெண்டு கைலயும் பாவை இருக்குமே.

*அண்ணன்:* சட்டைல குத்துற மைக்கு. ஸ்பீக்கர் திரைக்கு முன்னால இருக்கணும், நம்ம பின்னால வச்சா கூவும்.

*நான்:* மஞ்சள் 14 வாட் ரெண்டு வாங்கியாச்சு. ஹோல்டர், 10 மீட்டர் வயரும் எடுத்துட்டேன்.