அல்பைனில் லிப்சி++ பில்ட் லொக்கேல் ஹெடர்ல நிக்குது, உதவுங்க

அம்பத்தூர்_எம்பெடட்:
ரெண்டு நாளா தலையைப் பிச்சுக்கிறேன். எங்க பாக்ஸுக்கு (எம்பெடட் கருவி) எல்எல்விஎம் 15 கம்பைலர் தொகுப்புல இருந்து லிப்சி++ (சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரி) பில்ட் பண்ணணும். வீட்டு உபுண்டு லேப்டாப்ல சுத்தமா முடியுது. அதே ஸ்கிரிப்ட்டை அல்பைன் (சின்ன சைஸ் லினக்ஸ்) கன்டெய்னர்ல ஓட்டினா, எஸ்டிஆர்டிஓஎல்எல்_எல்-னு ஒரு பேரே (லொக்கேல், அதாவது மொழி-நாட்டு வழக்கு, பார்த்து எழுத்தை எண்ணா மாத்துற ஃபங்ஷன்) டிக்ளேர் ஆகலைன்னு நின்னுடுது. ரெண்டுலயும் கம்பைலர் கிளாங்தான். திங்கட்கிழமை டெலிவரி; எஸ்டேட் ரோட்டுல முழங்கால் தண்ணி, ஆபீஸ் போய் யார்கிட்டயும் கேக்கவும் முடியல.

ராத்திரி_ஷிப்ட்:
க்னூ_சோர்ஸ் மேக்ரோ (ஹெடர்ல மறைஞ்சிருக்கிற கூடுதல் ஃபங்ஷன்களைத் திறந்து விடுற வரையறை) போட்டுப் பாருங்க ப்ரோ. எனக்கு இதே மாதிரி எர்ரர் அதுலதான் போச்சு.

பழைய_மேக்ஃபைல்:
அது வேலைக்கு ஆகாது. லினக்ஸ்ல சி++ கம்பைல் பண்ணும்போது கிளாங்கே அதைப் போட்டுக்கும்.

தம்பி, கம்பைலர் ஒண்ணுதான், அடியில இருக்கிற சி லைப்ரரி வேற. உபுண்டுல ஜிலிப்சி, அல்பைன்ல மசல். நீங்க சொல்ற ஃபங்ஷன் மசல்ல கிடையாது. ஜிலிப்சி தன்னை அடையாளம் காட்ட ஒரு மேக்ரோ வெச்சிருக்கு. மசல்காரங்க வேணும்னே வைக்கல. அதனால லிப்சி++ தானா கண்டுபிடிக்காது, நாமதான் சொல்லணும்: லிப்சிஎக்ஸ்எக்ஸ்_ஹேஸ்_மசல்_லிப்சி=ஆன். அப்ப அது கைவசம் வெச்சிருக்கிற மசல் எக்ஸ்லொக்கேல் ஹெடரைச் சேர்த்துக்கும். அதைத் திறந்து பாருங்க, சிரிப்பு வரும். லொக்கேலை வாங்கி ஓரமா வெச்சுட்டு, சாதாரண எஸ்டிஆர்டிஓஎல்எல்-ஐக் கூப்பிடுது. அவ்வளவுதான் சங்கதி.

அம்பத்தூர்_எம்பெடட்:
போட்டேன் அண்ணா. அதே எர்ரர், அதே வரி.

பழைய_மேக்ஃபைல்:
எங்கே போட்டீங்க?

அம்பத்தூர்_எம்பெடட்:
சிமேக்_சிஎக்ஸ்எக்ஸ்_ஃப்ளாக்ஸ் உள்ள, மைனஸ் டி போட்டு.

பழைய_மேக்ஃபைல்:
அதான். அது கம்பைலருக்குப் போற மைனஸ் டி. இது பில்டை அமைக்கிற சிமேக்குக்கே நேராப் போகணும். பில்ட் ஃபோல்டர்ல கான்ஃபிக்_சைட்னு ஒரு ஹெடர் உருவாகியிருக்கும், அதுல மசல்னு தேடுங்க. அன்டெஃப்னு (வரையறுக்கலைன்னு அர்த்தம்) கமெண்ட்டுக்குள்ள கிடந்தா நீங்க சொன்னது போய்ச் சேரல. ஃபோல்டரை மொத்தமா அழிச்சுட்டு முதல்ல இருந்து ஓட்டுங்க. பழைய கேஷ் (சிமேக் சேமிச்சு வெச்ச செட்டிங்) மேல ஒட்டுப் போட்டு நான் ஒரு முழு ராத்திரியைத் தொலைச்சிருக்கேன்.

அம்பத்தூர்_எம்பெடட்:
கமெண்ட்டாதான் கிடந்துச்சு! அழிச்சுட்டு ஓட்டினேன். பாதியில கரண்ட் போய், லேப்டாப் பேட்டரி 11 சதவீதம் இருக்கும்போது பில்ட் முடிஞ்சது. டெஸ்ட் ப்ரோக்ராம் பாக்ஸ்லயும் ஓடுது. ரொம்ப நன்றி அண்ணா.

ராத்திரி_ஷிப்ட்:
அப்ப எனக்கு மட்டும் எப்படி சரியாச்சு?

பழைய_மேக்ஃபைல்:
நீங்க பண்ணது சி ஃபைலா இருக்கும்.

ராத்திரி_ஷிப்ட்:
...ஆமா, சி-தான்.