காய்ந்து கறுத்த கால்விரலை ஏன் உடனே வெட்டுவதில்லை?

ஜெலுத்தோங்_மகள்:
அப்பாவுக்கு 64 வயசு, பல வருஷமா இனிப்புநீர் (சர்க்கரை நோய்). இடது சுண்டுவிரல் நுனி கறுத்து, சுருங்கி, கட்டையா காய்ஞ்சிருக்கு. சீழ், நாற்றம் எதுவும் இல்லை. டாக்டர் 'டிரை கேங்க்ரீன்' என்கிறார், ரத்தம் போகாம சதை செத்துக் காய்ஞ்சு போறதாம். ரத்த ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் விரலைத் தொடணுமாம். செத்த சதையை ஏன் விட்டு வைக்கணும்? வீட்டில் பெரியவங்க வெந்நீரில் உப்புப் போட்டு ஊற வை, மின்யாக் காமாட் (கடல் அட்டை எண்ணெய்) தடவு என்கிறாங்க.

காயக்கட்டு_பினாங்கு:
ஊற வைக்கவே வைக்காதீங்க சிஸ்டர். செத்த திசு காய்ஞ்சு கிடக்கிற வரைக்கும் கிருமி வளர ஈரம் கிடைக்காது. ஊறினா ஓரத்துத் தோல் பிரிஞ்சு கிருமி உள்ளே போகும், பிறகு அது ஈர கேங்க்ரீன். எண்ணெயும் வேணாம், அதுவும் இளக வைக்கும். மரத்துப்போன காலுக்கு வெந்நீர் எவ்வளவு சூடுன்னும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

வெட்டாம இருக்கக் காரணம் ரத்தக்குழாய். ரத்தம் போகாத காலில் விரலை எடுத்தா வெட்டின இடமும் ஆறாம கறுக்கும். அடுத்து பாதம், அதுக்கு மேலன்னு போகும். அதனால முடிஞ்சா முதல்ல பலூன் வச்சோ பைபாஸ் பண்ணியோ அடைப்பைத் திறப்பாங்க, பிறகுதான் கத்தி. சிலருக்கு நுனி தானாகவே கழன்று விழும். இழுத்துப் பார்க்காதீங்க.

கிளினிக்கில் சொன்னா போவிடோன் அயோடின் கிருமிநாசினி தடவி, முழுசா உலர விட்டு, விரலிடுக்கில் காய்ஞ்ச காஸ் துணி வைங்க. பிளாஸ்டரை விரலைச் சுற்றி ஒட்டக் கூடாது, இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் அது நெரிக்கும்.

வேஸ்குலர்_கேஎல்:
கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து ஒரு எண் தருவாங்க. 0.9க்குக் கீழே இருந்தா அடைப்பு. 1.4க்கு மேலே வந்தா 'நல்லா இருக்கு'ன்னு எண்ண வேணாம்: சுண்ணாம்பு படிஞ்ச குழாய் பிரஷர் பட்டிக்கு அமுங்காம பொய்க்கணக்கு காட்டுது. இனிப்புநீர்க்காரங்களுக்கு இது சாதாரணம். அப்போ கால்விரல் பிரஷர் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. அது 30க்குக் கீழேன்னா ரத்தக்குழாயைத் திறக்காம புண் ஆறுவது ரொம்பக் கஷ்டம்.

சிடி ஆஞ்சியோகிராம் (சாய மருந்து ஏற்றி ரத்தக்குழாயைப் படம் எடுக்கிறது) எழுதினா, சிறுநீரகத்தைக் காட்டுற கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்க, மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை) சாப்பிட்டா அதையும் சொல்லுங்க. சிகரெட் பிடிக்கிறவரா இருந்தா இன்னைக்கே நிறுத்தணும்.

ஜெலுத்தோங்_மகள்:
நன்றி. புழு விட்டுச் சுத்தம் பண்ணுவாங்களாமே? வீட்டில் எதைக் கவனிக்கணும்?

காயக்கட்டு_பினாங்கு:
புழு சிகிச்சை நம்ம மலேசியாவில் இருக்கு, கிருமி நீக்கின 'லூசிலியா குப்ரினா' ஈயின் புழுக்கள். ஆனா அது ஈரமான, சவ்வு படிஞ்ச புண்ணுக்கு. கட்டையாய்க் காய்ஞ்ச தோலில் அதுக்கு வேலை இல்லை.

தினமும் வெளிச்சத்தில் பாருங்க. கறுப்புக்கும் நல்ல தோலுக்கும் நடுவே கோடு தெளிவா இருக்கணும். கோடு மங்கி, மேலே சிவப்பு ஏறுதுன்னா சிவப்போட ஓரத்தைப் பேனாவால் வரைஞ்சு, அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. ஈரம், நாற்றம், கொப்புளம், வீக்கம், சர்க்கரை திடீர்னு ஏறுறது, உளறல், அமுக்கினா தோலுக்கடியில் நொறுநொறுப்பு, இதில் ஒன்று வந்தாலும், சிவப்பு பேனாக்கோட்டைத் தாண்டினாலும், அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காம அன்னைக்கே அவசரப் பிரிவு. வலி இல்லை, காய்ச்சல் இல்லைன்னு தள்ளிப் போடாதீங்க, நரம்பு மரத்த இனிப்புநீர்க்காரருக்கு இரண்டும் வராமலே விஷம் ஏறலாம். மீந்துபோன ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துச் சமாளிக்கவும் வேணாம்.

வலது காலையும் பாருங்க, குதிகால் உட்பட.