மாமியாரின் ஊறுகாய் பாட்டிலைக் கழுவி வைத்தேன், மனைவி பேசுவதில்லை

மலைவண்டி_நடத்துனர் கேட்டது:

வணக்கம். சேலம் – ஏற்காடு தடத்தில் பதினோரு வருடமாக நடத்துனர் வேலை. இதைச் சமையல் பகுதியில் போடுவதா, குடும்பப் பகுதியில் போடுவதா என்று தெரியாமல் இங்கே போடுகிறேன்.

தை மாதம் என் மாமியார் தவறிவிட்டார். வாழப்பாடியில் வீடு. மனைவிக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் ஃப்ரீசர் பாக்ஸ், பந்தல், நாற்காலி, வந்தவர்களுக்குக் காபி, அப்புறம் பதினாறாம் நாள் காரியம் வரை எல்லாம் நான்தான் பார்த்தேன். ‘மகன் இருந்திருந்தால்கூட இப்படிச் செய்திருக்க மாட்டான்’ என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள்.

விஷயம் அது இல்லை. போன வைகாசியில் அத்தை போட்டுக் கொடுத்த மாங்காய் ஊறுகாய், பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டிலில் கால்வாசி மிச்சம் இருந்தது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கிடந்தது, யாரும் தொடவில்லை. போன திங்கள் எனக்கு வார ஓய்வு. ஃப்ரிட்ஜைத் துடைக்கலாம் என்று எடுத்துப் பார்த்தால் மேலே வெள்ளையாகப் பூசணம். கொட்டிவிட்டேன். பாட்டிலைச் சும்மா விடவில்லை. வெந்நீர் ஊற்றி, கம்பி நார் போட்டுத் தேய்த்து, வெளியே ஒட்டியிருந்த பிளாஸ்திரியையும் சுரண்டி எடுத்து, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். அவள் மனம் கஷ்டப்படும் என்று எனக்கும் தெரியாமல் இல்லை. அதனால்தான் சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டை போய் நல்ல ஊறுகாயாக அரைக் கிலோ வாங்கி வந்து அதே பாட்டிலில் நிரப்பினேன்.

பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ‘உங்களுக்குப் புரியாதுங்க’ என்றாள். அவ்வளவுதான். நாலு நாளாக வீட்டில் சோறு வருகிறது, டிபன் வருகிறது, பேச்சு வரவில்லை.

முகம் பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதுதான் ஆத்திரம். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவு. யாருக்கு வாந்தி வரும் என்று நாலாவது வளைவிலேயே சொல்லிவிடுவேன். முதலில் கொட்டாவி விடுவார்கள். அப்புறம் எச்சில் விழுங்குவார்கள், மேலுதடு வேர்க்கும். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டு வந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்துவார். அங்கே நான் கவரை நீட்டிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். அப்படிப்பட்டவனுக்கு வீட்டில் ஒன்றும் தெரியவில்லை.

அவள் இடத்தில் என்னை வைத்தும் யோசித்துப் பார்த்தேன். என் அம்மா போனபோது எனக்கு வேலைதான் மருந்து. அம்மாவின் சாமான்களைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்ததுதான் நிம்மதியாக இருந்தது. அப்படித்தானே இவளுக்கும் செய்தேன்? அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது பிறவியிலேயே வர வேண்டுமா, பழகினால் வருமா? மன்னிப்புக் கேட்கத் தயார். எதற்கென்று தெரிய வேண்டுமே.

கன்னங்குறிச்சிக்காரன்:

அண்ணே, பூசணம் பிடித்த ஊறுகாயைக் கொட்டாமல் பூஜை அறையிலா வைப்பார்கள்? உங்கள் மேல் தப்பே இல்லை. ஒரு புடவை, நாலு முழம் மல்லிகை. முடிந்தது.

தறிவீட்டுப்பெண்:

மேலே எழுதிய தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

அண்ணா, எங்கள் அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மாபேட்டையில் பட்டுத்தறி வைத்திருக்கிறோம். காரியம் முடிந்த மறுநாளே தறியில் உட்கார வேண்டிய நிலைமை. வந்தவர்கள் எல்லோரும் ‘வயசாச்சு, கஷ்டப்படாம போனாங்க, மனசைத் தேத்திக்கோ’ என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். என் காதில் மட்டும் ‘போதும், நிறுத்து’ என்று விழுந்தது. எதிர்வீட்டு அக்கா ஒருத்தர் வந்தார். நான் புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பேசாமல் எதிரில் உட்கார்ந்து இழை இழையாக எடுத்துக் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் இழை, ஒவ்வொன்றாக முடிய வேண்டும். மத்தியானம் வாக்கில், ‘உங்கம்மா பிணைச்சா முடிச்சே தெரியாதில்ல?’ என்றார். பதினெட்டு நாள் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

உங்களைக் குறை சொல்லவில்லை. பதினாறு நாளும் ஓடியிருக்கிறீர்கள், சரி. நீங்கள் எழுதியதில் வந்தவர்களுக்குக் காபி கொடுத்தது இருக்கிறது, அண்ணி அழுதாரா என்பது இல்லை. அப்புறம், பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினால் பஸ்ஸில் என்ன செய்வீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மனநூல்_வாத்தியார்:

கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். பிறவியா பழக்கமா என்றால் இரண்டும் கொஞ்சம் உண்டு. என்னை உறுத்தியது ‘அவள் இடத்தில் என்னை வைத்து யோசித்தேன்’ என்ற வரிதான். ஒத்துணர்வு என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான், எனவே பாதிப் பழி எங்களுக்கும் உண்டு.

ஏயல், ஸ்டெஃபல், எப்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் 25 சோதனைகள் நடத்தி 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது, சிரிப்பு நிஜமா நடிப்பா என்று கண்டுபிடிப்பது, கணவன் மனைவி ஒருவர் விருப்பத்தை மற்றவர் ஊகிப்பது என்று பல வகை. ‘அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்’ என்று சொல்லி ஊகிக்க விட்டவர்கள் மற்றவர்களைவிடச் சரியாகச் சொல்லவில்லை. மொத்தத்தில் ஒரு மாற்றுக் குறைவுதான். சில சோதனைகளில், தாங்கள் சொன்னது சரி என்ற நம்பிக்கை மட்டும் கூடியிருந்தது! எதிராளியிடமே கேட்டுப் பேசியபோதுதான் கணிப்பு தேறியது.

உங்கள் கதையும் அதுதான். அவர் இடத்தில் போய் உட்கார்ந்தது நீங்கள், உங்கள் அம்மாவை இழந்த உங்கள் துக்கத்தோடு.

பஸ் வேறு கணக்கு. வண்டி வளைகிறது என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்லும். முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லும். இந்தக் குழப்பம் அநேகமாக எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி தெரியும். நீங்கள் கணித்தது சரியா தப்பா என்பதும் அடுத்த வளைவிலேயே தெரிந்துவிடும், அதனால் கை தேறிவிட்டது. வீட்டில் தப்பாக ஊகித்தால் யார் வந்து சொல்கிறார்கள்? பல வருடம் கழித்து வேறு ஏதோ ஒரு சண்டையில் வெளியே வரும்.

அதனால் கேளுங்கள். ‘என்ன கோபம்’ என்று கேட்டால் அது விசாரணை மாதிரி இருக்கும். அந்த பாட்டிலைப் பற்றிக் கேளுங்கள். பதில் வர நேரமாகும். நடுவில் சமாதானம் சொல்லாதீர்கள்.

கன்னங்குறிச்சிக்காரன்:

புடவை யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அக்கா, கல்யாணம் ஆகவில்லை, உண்மைதான்.

மலைவண்டி_நடத்துனர்:

நேற்று கோடைக் கூட்டம், கடைசி டிரிப் முடித்து வீடு வர மணி பத்தரை. சாப்பிட்டுவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ‘அந்த பாட்டில்ல என்ன இருந்துச்சு, சொல்லு’ என்று கேட்டேன். பதில் இல்லை. வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து போய் டிவி போட்டுவிடுவேன். போகவில்லை.

எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: ‘ஊறுகா போனா போகுதுங்க. அதுல அம்மா எழுதியிருந்தாங்களே.’

பிளாஸ்திரி. நான் நகத்தால் சுரண்டி எடுத்தது.

அத்தை பள்ளிக்கூடமே போகாதவர். அறிவொளி இயக்கத்தின் ராத்திரி வகுப்பில்தான் எழுத்துக் கற்றாராம். இவள் அப்போது சின்னப் பிள்ளை, கூடவே போய் உட்காருவாளாம். பிளாஸ்திரியில் நீலப் பேனாவால் ‘ஊருகா பாப்பாவுக்கு’ என்று எழுதியிருந்தாராம். ‘வல்லின ற எங்கம்மாவுக்கு வரவே வராது. நான் எத்தனையோ தடவை திருத்தியிருக்கேன், மறுபடியும் சின்ன ருதான் போடுவாங்க’ என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. பாங்க் பாஸ்புக்கில் போட்ட கையெழுத்தைத் தவிர அத்தை எழுதியது வேறு எதுவும் எங்களிடம் இல்லை.

நானும் அந்த பாட்டிலை வருடம் முழுக்கப் பார்த்தவன்தான், ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. ‘குப்பை வண்டி வந்துட்டுப் போயிடுச்சா?’ என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமையே போய்விட்டது. என்னென்னவோ சமாதானம் வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். தெரியாமல் சுரண்டிவிட்டேன், தப்புதான் என்றேன். ‘ம்’ என்றாள். ஒரு மணி வரைக்கும் அத்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். காலையில் நாலு மணிக்கு எழ வேண்டும், சொல்லவில்லை.

இப்போது வேறு ஒரு சந்தேகம். இந்த வருடம் தானே போடப் போகிறேன் என்கிறாள். அத்தை எந்தக் காயில் போட்டார் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. கொட்டை ஓட்டோடு வெட்டிய துண்டு, புளிப்பு தூக்கல். கிளிமூக்கா, நாட்டுக் காயா? நாளை எனக்கு ஓய்வு, வாழப்பாடிப் பக்கம் போய் வாங்கி வரலாம் என்றிருக்கிறேன்.

தறிவீட்டுப்பெண்:

புளிப்பு தூக்கல் என்றால் நாட்டுக் காயாகத்தான் இருக்கும், கிளிமூக்கு அவ்வளவு புளிக்காது. ஆனால் அண்ணா, வாங்கி வரலாம் என்று மறுபடியும் தனியாகக் கிளம்பாதீர்கள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். காயைக் கையில் எடுத்துப் பார்த்தால் அவருக்கே தெரிந்துவிடும்.