தூசணமா, அவையல் கிளவியா? பங்க் கையேட்டுக்கு ஒரு சொல் தேவை

கொக்குவிலிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எழுபதுகளில் தொடங்கி இன்னும் விடாமல் பாடுகிற ஒரு பங்க் (முரட்டு ரொக் இசை) குழுவின் புதிய தொகுப்பு வரப்போகிறது. அது வெளியாகும் நாளில் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் கூடியிருந்து கேட்கிறோம். வருகிறவர்களுக்குத் தமிழில் சிறிய கையேடு ஒன்று கொடுக்கிறோம், பாட்டு வரிகளின் கருத்தோடு.

முன்கூட்டி வந்த பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன ‘ஈ’ (E) அடையாளம் இருக்கிறது, கெட்ட சொல் உண்டு என்று எச்சரிக்கும் ‘எக்ஸ்பிளிசிற்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு ஒருவர் ‘வெளிப்படையான வரிகள்’ என்று எழுதித் தந்தார். தமிழில் அது பாராட்டு மாதிரி அல்லவா இருக்கிறது? ‘ஆபாச வரிகள்’ என்று போடவும் மனமில்லை. அந்தப் பாட்டில் அரசாங்கத்தைத்தான் ஏசுகிறார்கள்.

இன்னொன்று. இதே குழுவின் பழைய பாட்டொன்றில் பெண்களை மிகக் கேவலமாகச் சொல்லும் வரி உண்டு. அன்றைக்கு அதையும் போடுவதா விடுவதா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அதைப் பற்றியும் கையேட்டில் எழுதத்தான் வேண்டும்.

சுன்னாகத்திலிருந்து:

தம்பி, புதிய சொல் ஆக்கத் தேவையில்லை, தொல்காப்பியர் ஆக்கி வைத்திருக்கிறார். எச்சவியலில் ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’. அவையில் சொல்லத் தகாத சொல் அவையல் கிளவி. இதையே நன்னூலார் இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கில் வைத்தார். ‘கால் கழுவி வந்தான்’ என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ‘அவையல் வரிகள்’ என்று போடுங்கள். இரண்டே சொல், முழுக்கத் தமிழ். நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய நாவலரும் தொல்காப்பியத்துக்குக் குறிப்பெழுதிய கணேசையரும் பிறந்த மண்ணில் இதற்கு வேறு சொல் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குருநகரிலிருந்து:

ஐயா, உங்களில் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் ‘அவையல்’ என்று போட்டால் எங்கள் பெடியள் ‘அவியல்’ என்றுதான் வாசிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இதற்குச் சொல் இல்லையா என்ன? தூசணம். ‘தூசணம் கதையாதே’ என்று வாங்கிக் கட்டாமல் வளர்ந்தவர் யார் இருக்கிறார்? தூசண வரிகள் என்று போட்டால் தாய் தகப்பனுக்கும் விளங்கும், பிள்ளைக்கும் விளங்கும். தமிழ்நாட்டில் கெட்ட வார்த்தை என்பார்கள். எங்களுக்கு இது.

அப்படியே இன்னொரு வேண்டுகோள். கையேட்டில் ‘பங்கு இசை’ என்று குற்றியலுகரம் போட்டு எழுதிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் பங்கு என்றால் கோயில் பங்கு, பங்குத்தந்தை. பாடகர் குழுவைக் கேட்கத்தான் சனம் வந்து நிற்கும். ‘பங்க்’ என்று மெய்யில் முடியட்டும், இலக்கணம் பொறுக்கும்.

சுன்னாகத்திலிருந்து:

பொறுக்காது, ஆனால் அதை விடுவோம். தூசணம் வடசொல். தூஷணம் என்றால் குற்றங்கூறல். தருக்க நூலில் எதிராளியின் வாதத்தில் பிழை காட்டுவதுதான் தூஷணம், அதில் கெட்ட சொல் எதுவும் இல்லை. கம்பரிடம் கரனோடு வரும் அரக்கன் தூடணன். ‘வடவெழுத்து ஒரீஇ’ என்ற விதிப்படி ‘தூடணம்’ என்றாவது எழுதுங்கள். நடுவில் சகரம் போட்டது பேச்சு மரூஉ.

நெல்லியடியிலிருந்து:

இடக்கர் என்ற சொல்லின் வேரைப் பாருங்கள். இடம், இடக்கை, இடக்கு. வலக்கை உண்ணும் கை, இடக்கை கழுவும் கை. ஒதுக்க வேண்டியதெல்லாம் இடப்பக்கம் என்ற எண்ணத்திலிருந்து இடக்கர் வந்திருக்க வேண்டும். ‘இடக்கு முடக்கு’ என்கிறோமே, அங்கேயும் நேர்வழியை விட்டு விலகுதல்தான் பொருள். பங்க் என்பதே நேர்வழியை விட்டு விலகின இசை. அடக்காமல் சொல்வதால் ‘அடங்கா இடக்கர்’ என்று வைத்தால் குழுவின் குணமும் அடையாளமும் ஒன்றாக வந்துவிடும். இதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

மானிப்பாயிலிருந்து:

தனி மடலை ஆவலோடு பார்த்திருக்கிறேன், ஆனால் வெள்ளிக்கிழமைக்கு அது உதவாது. எனக்கு வேறொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் இரண்டு பொருளை ஒரே சொல்லுக்குள் திணிக்கப் பார்க்கிறோம்.

அந்த அடையாளத்தின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1985இல் அமெரிக்காவில் டிப்பர் கோர் முதலிய சில பெண்கள் பெற்றோர் சார்பில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் செனற் சபைக் குழு விசாரணையே வைத்தது. பாடகர்களான ஃபிராங்க் சப்பாவும் ஜோன் டென்வரும் போய் எதிர்த்துப் பேசினார்கள். அந்த இழுபறியில் வந்ததுதான் எச்சரிக்கை லேபிள். பிள்ளையின் காதில் விழக்கூடாத சொல் இருக்கிறதா என்பதுதான் அதன் கவலை. யாரைக் குறிவைத்துப் பாடுகிறார்கள் என்று அது பார்ப்பதில்லை.

அதற்கு முன்னமே, 1977இல், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் தொகுப்பைக் கண்ணாடியில் ஒட்டி வைத்த நொட்டிங்ஹாம் கடைக்காரர் மேல் வழக்குப் போட்டார்கள். தலைப்பில் ஆண் விதையைக் குறிக்கும் கொச்சைச் சொல் இருந்ததுதான் குற்றம். 1889ஆம் ஆண்டுச் சட்டம். கடைக்காரரின் தரப்பு நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்து ஆங்கிலப் பேராசிரியரைக் கூண்டில் ஏற்றியது. அவர் அது பழைய ஆங்கிலச் சொல், ஒரு காலத்தில் பாதிரிமாருக்குப் பட்டப்பெயராகவும் இருந்தது என்று விளக்கினார். வழக்குத் தள்ளுபடி. சுன்னாகம் ஐயாவுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன், சொல்லாராய்ச்சி ஒரு மனிசனைத் தண்டனையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் அதே காலத்தில் சில பங்க் இளைஞர்கள் அதிர்ச்சிக்காக நாட்சி சுவஸ்திகாவைச் சட்டையில் அணிந்து திரிந்தார்கள். அதில் ஒரு தூசணச் சொல்கூட இல்லை. நிறவெறிக்கு எதிராக 1976இல் தொடங்கிய இசை இயக்கத்திலும் பங்க் குழுக்கள்தான் முன்னுக்கு நின்றன, 1978இல் லண்டன் விக்டோரியா பூங்காவில் கிளாஷ் என்ற பங்க் குழு வந்து பாடியது. தூசணத்தைத் தாராளமாகப் பாவித்தவர்களே இழிவுபடுத்தலுக்கு எதிராகவும் நின்றிருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் அவர்களுக்கும் அநியாயம், இழிவுபட்டவர்களுக்கும் அநியாயம்.

எங்கள் ஊரைவிட இதற்கு வேறு உதாரணம் வேண்டுமா? ‘நீங்கள் ஊரில் எவடம்?’ என்று சிரித்த முகத்தோடு கேட்பார்கள். அவையில் சொல்லத் தகாத சொல் ஒன்றும் அதில் இல்லை, தொல்காப்பியர் குறை சொல்லமாட்டார். சாதியை அறியத்தான் கேட்கிறார்கள் என்று கேட்கப்பட்டவனுக்குத் தெரியும். அவன் எழும்பிப் போனபிறகு ‘அதுகள்’ என்று ஒரு சொல் விழும். எந்த அகராதியில் அது தூசணம்? பள்ளுப் பாட்டில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்வதைப் புலவர்கள் ரசித்துப் பாடினார்கள், நல்லூர் சின்னத்தம்பிப் புலவரும் பள்ளுப் பாடியவர்தான். அந்த ஏசலை அவைக்கு ஏற்றது என்றுதானே வைத்திருக்கிறோம்? பள்ளியர் இருவரும் யாருடைய வயலில் வேலை செய்தார்கள், அந்தப் பாட்டை யார் கேட்டுச் சிரித்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஆகவே, லேபிளுக்குத் தூசண வரிகள் போதும். பழைய பாட்டின் அந்த வரிக்கு அது போதாது. அதில் தூசணம் இருப்பது அல்ல பிரச்சினை, பெண்களைத் தாழ்த்துவதுதான் பிரச்சினை. அதற்கு இன்னொரு சொல் தேவை.

சுன்னாகத்திலிருந்து:

மானிப்பாய் எழுதியதில் இரண்டாவது பகுதியை ஏற்கிறேன். அதற்கும் தொல்காப்பியத்தில் இடம் உண்டு. மெய்ப்பாடுகளில் இளிவரல். பிறர் இகழத் தான் எளியனாதல். ‘இளிமொழி’ என்று ஆக்கலாம்.

குருநகரிலிருந்து:

இளி என்றால் பல்லைக் காட்டுவதுதான் ஐயா நினைவுக்கு வருகிறது. ‘இழிமொழி’ என்றால் விளங்கும்.

சுன்னாகத்திலிருந்து:

இழிமொழி என்றால் மொழியே இழிந்தது என்றாகும், இழிந்தோர் மொழி என்றும் விரியும். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

கோண்டாவிலிலிருந்து:

தொடரை முழுக்க வாசித்தேன். மாணவர்களுக்குப் படிப்பிக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இங்கே பௌதிகவியல், அங்கே இயற்பியல் என்று இரண்டு சொல்லோடும் பிள்ளைகள் படித்துத்தான் வருகிறார்கள். சொல் எதுவாக இருந்தாலும் முதல் முறை வரும் இடத்தில் ஒரு வசனம் விளக்கம் போட்டால் போதும். லேபிளுக்கு என் விருப்பமும் தூசண வரிகள்தான். அந்தப் பழைய பாட்டைப் போடுவதற்கு முன்னர், கேட்க வரும் பெண்களிடம் ஒருக்கால் கேட்டீர்களா? இத்தனை மடலில் அந்தக் கேள்வி வரவில்லை.

கொக்குவிலிலிருந்து:

அக்கா, கேட்கவில்லை. இன்றைக்கே கேட்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் பாட்டைப் போடமாட்டோம், வரியைப் பற்றி மட்டும் கையேட்டில் எழுதுவோம்.

மற்றது, லேபிளுக்கு ‘தூசண வரிகள்’ என்றே பெரும்பாலானோர் எழுதியிருக்கிறீர்கள், அதையே போடுகிறேன், சகரத்தோடு. இரண்டாவதுக்கு இளிமொழியும் இல்லை, இழிமொழியும் இல்லை, ‘ஆட்களைத் தாழ்த்தும் வரிகள்’ என்று இப்போதைக்கு விரித்து எழுதிவிடுகிறேன். சுன்னாகம் ஐயா, மொழி ஆலோசனை என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடலாமா?

சுன்னாகத்திலிருந்து:

வேண்டாம். தூடணம் என்று திருத்தினால் போடுங்கள். கூட்டத்துக்குக் கட்டாயம் வருவேன்.