பழைய மூன்று திருகு ரூகர் ரிவால்வர்: கம்பெனி இலவசமாக மாற்றித் தரும் பாகங்களைப் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி – ஆறரை அங்குலம்

வணக்கம். கையில் இருப்பது 1968-இல் ரூகர் கம்பெனி செய்த பிளாக்ஹாக் ரிவால்வர், .357 மேக்னம், ஆறரை அங்குலக் குழல். பக்கவாட்டில் மூன்று திருகுகள் இருக்கின்றன. இந்தப் பழைய மாடல்களுக்கு டிரான்ஸ்ஃபர் பார் (கைதவறி விழுந்தால் வெடிக்காமல் காக்கும் பட்டை) பொருத்திய புதிய உள்பாகங்களைக் கம்பெனியே காசு வாங்காமல் போட்டுத் தருகிறது. அனுப்பலாமா என்று யோசனை. ரேஞ்சில் அடிக்கடி சுடுவதுண்டு, சில நேரம் இடுப்பு உறையில் வைத்துக் காட்டுக்குள் நடப்பதும் உண்டு. மாற்றினால் டிரிகர் கெட்டுப்போகும், விற்கும்போது விலை போகாது என்று இரண்டு பேச்சு காதில் விழுகிறது. எது எவ்வளவு உண்மை? இது ஏற்கெனவே மாற்றப்பட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் – சிலிண்டர்

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். திருகை எண்ணி இதைச் சொல்ல முடியாது. 1973-இல் வந்த நியூ மாடலில் திருகுக்குப் பதில் இரண்டு பின்கள் இருக்கும், அது சரி. ஆனால் கம்பெனியில் மாற்றித் தந்த பழைய துப்பாக்கியிலும் அதே மூன்று திருகுகள்தான் இருக்கும்.

ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, பிறகு விரலாலும் தடவிப் பாருங்கள். பேஸ் பின்னை (சிலிண்டர் சுழலும் அச்சுக் கம்பி) உருவிச் சிலிண்டரை வெளியே எடுங்கள். ஹேமரை (பின்னாலுள்ள சுத்தியலை) முழுதும் கீழே இறக்கி, டிரிகரை விட்டுவிடுங்கள். சட்டத்தின் (ஃபிரேம்) ஜன்னல் வழியாக, தோட்டாவைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னின் துளையைப் பாருங்கள். பின்னின் நுனி பொடி மொட்டுப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது மாற்றப்படாத துப்பாக்கி. நுனி உள்ளேயே அடங்கியிருந்தால், ஹேமரைப் பின்னுக்கு இழுத்து அதன் முகத்தைப் பாருங்கள். மேல்பக்கம் படி வெட்டியிருக்கும், டிரிகரோடு சேர்ந்து ஒரு தட்டைப் பட்டை மேலே ஏறி வரும். அதுதான் டிரான்ஸ்ஃபர் பார்.

அந்த நீட்டிய நுனியில்தான் விஷயமே இருக்கிறது. பழைய அமைப்பில் ஹேமர் இறங்கியிருக்கும்போது ஃபயரிங் பின் நேராகத் தோட்டாவின் பிரைமர் (அடிபட்டால் பற்றும் அடிப்பகுதி மருந்து) மேல் உட்கார்ந்திருக்கிறது. துப்பாக்கி கைதவறி ஹேமர் கொம்பு கல்லில் பட்டால் போதும், வெடித்துவிடும். சேஃப்டி நாட்ச்சில் (ஹேமரைச் சற்றுப் பின்தள்ளி நிறுத்தும் வெட்டு) வைத்திருந்தாலும் நம்ப முடியாது. அந்த நாட்ச்சைப் பிடித்து நிற்பது டிரிகரின் மெல்லிய முனை ஒன்றுதான். ஓங்கி விழும் ஓர் அடியில் அது முறியும், அல்லது நாட்ச்சின் உதடு உடையும். டிரான்ஸ்ஃபர் பார் இருந்தால் ஹேமர் சட்டத்தில் மோதி நிற்கும், பின்னைத் தொடவே தொடாது. டிரிகரைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும்போது மட்டும் பட்டை நடுவில் எழுந்து அடியைப் பின்னுக்குக் கடத்தும்.

இடுப்பில் வைத்து நடப்பவர் என்று சொல்கிறீர்கள். அனுப்பிவிடுங்கள்.

பதில் – நீலப்பூச்சு

மேலே சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை, ஆனால் எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. 1955 முதல் 1962 வரை வந்த ஃபிளாட்டாப் பிளாக்ஹாக்கோ, 1953-இல் தொடங்கிய, ரூகரின் இன்னொரு ரிவால்வரான சிங்கிள் சிக்ஸின் முதல் வருடங்களோ என்றால் யோசிக்க வேண்டும். சேகரிப்பவர்கள் தொடாத துப்பாக்கியைத்தான் தேடுகிறார்கள். 1968 பிளாக்ஹாக் நல்ல துப்பாக்கிதான், ஆனால் அரிதான ஒன்று இல்லை.

மாற்றாமல் வைத்திருப்பவர்கள் ஐந்து தோட்டாவோடு நிறுத்த வேண்டும், ஹேமருக்கு அடியில் காலி அறை. முறை இது: குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, ஹேமரை ஹாஃப் காக்குக்கு (பாதி இழுத்த நிலை) இழுத்து, தோட்டா போடும் சிறு கதவான கேட்டைத் திறவுங்கள். ஓர் அறையில் தோட்டா, அடுத்ததை விட்டுவிடுங்கள், அடுத்த நான்கிலும் தோட்டா. கேட்டை மூடி, ஹேமரை முழுக் காக் வரை இழுத்து, கட்டைவிரலால் பிடித்தபடி மெதுவாக இறக்குங்கள். காலி அறை ஹேமருக்கு அடியில் வந்து நிற்கும். ஹாஃப் காக்கிலிருந்து நேராக இறக்கிவிடாதீர்கள். சிலிண்டர் பூட்டாமல் நிற்கும், அதைப் பூட்டும் லாட்ச் அதன் மேல் உரசி நீலப்பூச்சில் வளையம் போட்டுவிடும். இறக்கிய பின் பக்கவாட்டிலிருந்து தோட்டாக்களின் விளிம்புகளைப் பார்த்து, காலி அறை எங்கே என்று உறுதி செய்யுங்கள்.

பதில் – சிலிண்டர்

ஐந்து தோட்டா முறை தெரிந்தவர் கையில் சரி. துப்பாக்கி அவர் கையிலேயே என்றைக்கும் இருக்காது. வீட்டில் அடுத்தவர் எடுப்பார், ரேஞ்சில் ஒருவர் வாங்கிச் சுட்டுப் பார்ப்பார். ஆறு துளை தெரிந்தால் ஆறையும் நிரப்புவார்கள். இந்தப் பழைய மாடல்களில் நடந்த விபத்துகள் பெரும்பாலும் அப்படித்தான்.

பதில் – பேஸ் பின்

பணப் பக்கத்தை நான் சொல்கிறேன். 1982-லிருந்து கம்பெனி இதைச் செய்துவருகிறது. கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுத் துப்பாக்கியோடே திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பையைத் தொலைத்துவிடாதீர்கள். சீரியல் எண்ணை ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டு, துப்பாக்கிப் பெட்டியிலேயே வையுங்கள். பின்னாளில் வாங்குபவர் விரும்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதால் விலை அதிகம் அடிபடாது. அடிபடுவதெல்லாம் பை இல்லாத துப்பாக்கிதான்.

அனுப்பும் முன் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, எப்படிப் பொதிந்து யார் வழியாக அனுப்புவது என்று அவர்கள் சொல்வதன்படி செய்யுங்கள். பழுதுபார்க்க உற்பத்தியாளருக்கே நேரடியாக அனுப்பவும், அவர்கள் நேரடியாக உங்களுக்குத் திருப்பவும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் மாநில விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டா ஒன்றுகூடக் கூடவே போகக் கூடாது. தனியாக வாங்கிய பிடியைக் கழற்றி, துப்பாக்கியோடு வந்த பிடியைப் போட்டு அனுப்புங்கள். யாராவது டிரிகர் வேலை செய்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மாற்றியமைத்த பாகத்தை அவர்கள் அப்படியே விடுவார்கள் என்று எண்ண வேண்டாம்.

சந்தையில் உதிரியாகக் கிடைக்கும் மாற்றுப் பாகங்களை வாங்கி வீட்டில் பொருத்தாதீர்கள். ஹேமர் படியும் பட்டையின் தடிமனும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் தவறினாலும் அடி மெலிந்து பிரைமர் வெடிக்காது, அல்லது பட்டை நசுங்கிக் காலப்போக்கில் முறியும்.

கேள்வியாளர் – ஆறரை அங்குலம்

சிலிண்டரை எடுத்துப் பார்த்தேன், நுனி நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. டிரிகர் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பதில் – நீலப்பூச்சு

சற்றுக் கனமாக, இழுவை நீளமாகத் தோன்றும். பழைய மாடலின் கண்ணாடி முறிவது போன்ற விடுப்பு இருக்காது, அது உண்மைதான். குறி தவறும் அளவுக்கு இல்லை. ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும்: ஹேமர் விடுபட்ட மறுகணமே விரலை விடுபவர்களுக்கு, அது விழுந்து முடியும் முன்பே பட்டை இறங்கி மெல்லிய அடி விழும். டிரிகரைக் கடைசி வரை இழுத்து ஒரு நொடி பிடித்திருங்கள்.

இப்போதுள்ள டிரிகரையும் காலித் துப்பாக்கியில் சோதித்துவிடுங்கள். முழுக் காக்கில் வைத்து, டிரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் ஹேமர் கொம்பை முன்னோக்கி அழுத்துங்கள். விழுந்தால் நாட்ச் தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ அரத்தால் இழைத்திருக்கிறார்கள். அப்படியானால் அடுத்த தோட்டாவை அதில் போடாமலே அனுப்புங்கள்.