குட்டைப் பலகைப்பாலம்: குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

ஏற்காடு சித்தப்பா: தோட்டத்துக் குட்டையின் பலகைப்பாலத்தில் ஒரு கால் நேற்றுச் சாய்ந்துவிட்டது. நீர்மட்டத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன். ஊறவைத்த அவலைப் போலப் பிதுங்கியது. ஆனால் சேற்றுக்குள் இருந்த அடிப்பகுதி இன்னும் கெட்டியாகவே இருக்கிறது. மக்காமல் இருக்க மருந்தேற்றிய, பச்சை நிற மரம் சேலத்தில் கிடைக்கும் என்கிறார் ஆசாரி. வாங்கலாமா, கதிர்?

கதிர்: ஈரமும் காற்றும் சேரும் இடத்தில்தான் பூஞ்சை வளரும், சித்தப்பா. சேற்றுக்குள் காற்று இல்லாததால் அடிப்பகுதி மக்கவில்லை. கடையில் 'பச்சை மரம்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். காயாத மரத்தைக் கொடுத்துவிடுவார்கள். நன்கு காய்ந்த மரத்தில்தான், உருளைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சிய பிறகு, அழுத்தத்தில் மருந்தை ஏற்ற முடியும். என்ன மருந்து என்பதையும் கேளுங்கள். தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த சிசிஏ நம் நாட்டிலேயே, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில், 1933-இல் சொண்டி காமேசன் கண்டுபிடித்தது. மரத்தின் ஆயுளுக்கு அது மிக நல்லது. ஆனால் அதிலுள்ள ஆர்செனிக் என்ற நஞ்சு மெல்ல மெல்லக் கசியும் என்பதால், அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அதை ஏற்றுவதை 2003-ஆம் ஆண்டு இறுதியோடு பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டை அத்தை: அந்தக் குட்டையில் மாடுகள் தண்ணீர் குடிக்கின்றன, மீனும் இருக்கிறது. அப்பா காலத்தைப் போலப் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசினால் போதாதா?

கதிர்: வேண்டாம் அத்தை. அது மரத்துக்குள் ஆழமாக இறங்காது. மழையில் கழுவிக்கொண்டு போய்க் குட்டையில் படலமாக மிதக்கும். போராக்ஸ் மருந்தும் மழையில் கரைந்துவிடும். ஆர்செனிக் இல்லாத தாமிர மருந்துகளும் உண்டு. ஆனால் தாமிரம் மீனுக்கு ஆகாது.

பெரியப்பா: அப்படியானால் தண்ணீரில் நிற்பது கல்லாகவே இருக்கட்டும், தம்பி. வேலிக்கு நடும் கல்கால்களில் நான்கை நட்டு, தண்ணீர் தொடாத உயரத்தில் மரத்தை ஏற்றிவிடுங்கள்.

கதிர்: பெரியப்பா சொல்வதுதான் சரி. மேலே வரும் பலகைக்கு மட்டும் ஆர்செனிக் இல்லாத மருந்தேற்றிய மரத்தை வாங்கினால் போதும். அளவுக்கு அறுப்பதையும் துளை போடுவதையும் மருந்தேற்றுவதற்கு முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். மருந்து மரத்தின் வெளிப்புறமுள்ள வெளிர் பகுதியில்தான் நன்றாக இறங்கும், வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் ஏறாது. பிறகு துளைத்தால் அந்த வழியாக ஈரம் புகுந்துவிடும். தாமிர மருந்து சாதாரண ஆணியை அரித்துவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே வேண்டும். கரையில் அறுக்க நேர்ந்தால் கீழே சாக்கை விரித்துத் தூளை அள்ளிவிடுங்கள். துண்டுகள் எதுவும் வெந்நீர் அடுப்புக்குப் போகக் கூடாது. சிசிஏ மரமாக இருந்துவிட்டால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும்.

ஏற்காடு சித்தப்பா: சரி கதிர், கல் நட்ட பிறகே மர அளவை எடுக்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை மேலே வந்தால் மரக்கடைக்காரரிடம் நீயே பேசிவிடு.